கிரீஸ்ல ட்ரீட்மென்ட்

நேத்து எனக்கு இருந்த வேலை ஒன்னே ஒன்னு. அக்காவோட மெடிக்கல் ரிப்போர்ட்ட ஸ்கேன் பண்ணி ஒரு மெயில் அனுப்பணும். சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள. அவ்ளோதான்.

இதுல தப்பு பண்றதுக்கே தனி திறமை வேணும். எனக்கு இருக்கு.

(அக்காகிட்ட கேட்டுட்டுதான் எழுதறேன். "எழுது, பேர மட்டும் மாத்திடு"ன்னா. எங்க தெருல ஒருத்தர்கூட என்னை ஃபாலோ பண்ணலன்னு இவ்ளோ நாளா அழுதுட்டிருந்தேன். இன்னிக்குதான் அதுக்கு ஒரு பயன்.)

மொதல்ல விஷயத்த சொல்லிட்றேன்.

அக்காவுக்கு முப்பத்தாறு வயசு. அவ சினைப்பைக்கு மட்டும் வயசு கூடிப்போச்சுன்னு ரிப்போர்ட் சொல்லுது. முட்டை கம்மி. இதுக்கு ஒவேரியன் ரெஜுவினேஷன்னு ஒரு ட்ரீட்மென்ட் இருக்காம். நம்ம ரத்தத்தையே எடுத்து, மெஷின்ல சுத்தவிட்டு, அதுல ஒரு பகுதிய மட்டும் பிரிச்சு சினைப்பைல ஊசியா போடுவாங்க. அதுக்கு பேரு பிஆர்பி. தூங்கறவங்கள தட்டி எழுப்பற மாதிரி. எழுந்துப்பாங்களான்னு யாரும் சத்தியம் பண்ண மாட்டாங்க. இங்க அக்காவ பாக்கற டாக்டரம்மாவே, "இது இன்னும் சோதனையிலதான் இருக்கு, நான் நம்பிக்கை குடுக்க மாட்டேன்"னு சொல்லிட்டாங்க.

அக்கா, "ஒரே ஒரு தடவ பாத்துட்றேன்"னு முடிவு பண்ணிட்டா.

நம்ம நாட்டுலயும் பண்றாங்கதான். ஆனா போன தடவ வேற ட்ரீட்மென்ட்டுக்கு சென்னை போனப்ப வெயிட்டிங் ஹால்லயே எங்க ஊரு ஆளு ரெண்டு பேர பாத்துட்டா. மிச்சத்த அவ மாமியார், நான் அத்தைன்னு கூப்பிடறவங்க, பாத்துக்கிட்டாங்க. அத்தைகிட்ட ஒன்னு சொன்னா கோயில் மைக்குல சொன்ன மாதிரி. அந்த ட்ரீட்மென்ட் சரிவரலன்னதும் பாண்டில எங்க முத்தியால்பேட்டைல பாதி பேரு வீட்டுக்கு வந்து துக்கம் விசாரிச்சாங்க. ஒருத்தர் லேகியம் குடுத்தாரு. அக்கா ஒரு மாசம் மாடிய விட்டு எறங்கல.

அதனால இந்த தடவ அத்தைக்கு தெரியக்கூடாது. அத்தைக்கு தெரியலன்னா உலகத்துக்கே தெரியாது. அக்கா எங்கிட்ட கேட்டது அது ஒன்னுதான்.

இத ரொம்ப நாளா பண்றவங்க அங்க இருக்காங்கன்னு போற இடம் கிரீஸ். நாடு.

இங்கதான் சிக்கல். பாண்டில வெளிநாடுன்னா பிரான்ஸ். அக்கா வீட்டுக்காரரு, அதான் மாமா, அவருக்கும் அவரு அம்மா அத்தைக்கும் பிரெஞ்சு பாஸ்போர்ட். மாமாவோட அப்பா பிரெஞ்சு மிலிட்டரில இருந்தவரு. அவங்க பிரான்ஸ் போறோம்னா, பக்கத்துல அரியாங்குப்பம் போறோம்னு சொல்ற மாதிரி. ஒருத்தரும் ஏன்னு கேக்க மாட்டாங்க. கிரீஸ்னா கேப்பாங்க.

"சும்மா ஊர் சுத்த போறோம்னு சொல்லிடலாம்"னாரு மாமா.

"கல்யாணமாகி ஒம்போது வருஷம் கழிச்சு ஹனிமூன்னு சொன்னா உங்கம்மா நம்புவாங்களா?"ன்னா அக்கா.

மாமா கொஞ்ச நேரம் யோசிச்சாரு. "நானே நம்ப மாட்டேன்"னாரு.

சரி. நேத்து மத்தியானம். ஃபைல தூக்கிக்கிட்டு ஜெராக்ஸ் கடைக்கு போனேன். கடை பாலு அண்ணனோடது. எப்பவும் தொப்பி போட்டுதான் இருப்பாரு. பேப்பர ஸ்கேனர்ல வெச்சிக்கிட்டே படிச்சாரு. ஜெராக்ஸ் கடைக்காரங்களுக்கு மட்டும் ஏன் எல்லாத்தையும் படிக்கணும்?

"பிஆர்பியா? பாப்பா, நானே ரெண்டு சிட்டிங் போட்டேனே."

எனக்கு தூக்கிவாரிப்போட்டுச்சு. "நீங்களா? எங்க?"

தொப்பிய கழட்டினாரு. "இங்கதான். முடிக்கு."

அப்பதான் தெரிஞ்சுது, அதே ஊசிய மண்டைலயும் போடுவாங்களாம், முடி வளர.

"ஒன்னும் தெரியலயே அண்ணே."

"கிட்ட வந்து பாரு."

கிட்ட போய் பாத்தேன். என் மூஞ்சிதான் தெரிஞ்சுது.

அந்த நேரத்துல பின்னாடி ஒரு குரல். "வினி, நீ இங்க இன்னா பண்ற?"

அத்தை.

பிரான்ஸ்லேர்ந்து பென்ஷன் வாங்கறவங்க, நான் உயிரோடதான் இருக்கேன்னு வருஷா வருஷம் ஒரு பேப்பர் அனுப்பணும். அத்தை அதுக்கு காப்பி எடுக்க வந்திருக்காங்க. அவங்க உயிரோட இருக்கறதுக்கு சாட்சி அவங்க கைல. நான் உயிரோட இருக்கறதுக்குதான் ஒன்னும் இல்ல.

அத்தைக்கு இங்கிலீஷ் வராது. ஆனா கான்வென்ட்ல பிரெஞ்சு படிச்சவங்க, எழுத்து தெரியும். கண்ணாடிய ஏத்திக்கிட்டு ஸ்கேனர்ல இருந்த பேப்பர எழுத்துக்கூட்டினாங்க.

"ஒ... வா... ரி... யான். இது இன்னாடி?"

"டாக்டர் பேரு அத்தை."

இது எங்கேர்ந்து வந்துச்சுன்னு எனக்கே தெரியல. வாய் தானா பேசுச்சு.

"டாக்டர் ஒவாரியானா?"

"ஆமா அத்தை. பெரிய டாக்டரு."

"யாருக்கு உடம்பு சரியில்ல?"

நான் பாலு அண்ணன் மண்டைய பாத்தேன். அப்புறம் மாமா மண்டை ஞாபகம் வந்துச்சு. மாமாவுக்கு காதுக்கு மேல ரெண்டு பக்கமும் கொஞ்சம் இருக்கு. நடுவுல மைதானம்.

"மாமாவுக்குதான் அத்தை. முடி வளர்றதுக்கு ட்ரீட்மென்ட். இதுக்கு போய் ஏரோப்ளேன் ஏறணுமான்னு வெக்கப்பட்டுக்கிட்டு உங்ககிட்ட சொல்லல."

"முடிக்கா? எதுல பண்றாங்க?"

"கிரீஸ்ல அத்தை. கிரீஸ்லதான் நல்லா பண்றாங்களாம்."

அத்தை ஒரு நிமிஷம் என்னையே பாத்தாங்க. "கிரீஸ்லயா?"ன்னு ஒரு தடவ கேட்டாங்க. "ஆமா அத்தை"ன்னேன். காப்பி கூட எடுக்காம கெளம்பி போய்ட்டாங்க.

நான் மெயில அனுப்பிட்டு, எனக்கு நானே ஒரு ரோஸ்மில்க் வாங்கி குடுத்துக்கிட்டேன். அவ்ளோ பெருமை.

இருங்க, ரூம் நம்பர் மூணு சாவி கேக்குறாங்க. கெஸ்ட் ஹவுஸ் ரிசப்ஷன்ல உக்காந்துதான் டைப் பண்ணிட்டிருக்கேன்.

வந்துட்டேன்.

நாலரை மணிக்கு அக்கா போன் பண்ணா. ரொம்ப மெதுவா பேசினா. அவ கத்தினா பயம் இல்ல, மெதுவா பேசினாதான் பயம்.

"அத்தைகிட்ட இன்னாடி சொன்ன?"

"ஒன்னும் சொல்லலயே. ஏன்?"

"வூட்டுக்கு வா."

போனேன். ஹால்ல நடு நாற்காலில மாமா. கழுத்தை சுத்தி நியூஸ் பேப்பர். பின்னாடி அத்தை. டீப்பா மேல சேகர் ஒர்க்‌ஷாப்லேர்ந்து வாங்கின டப்பா. வண்டி பேரிங்குக்கு போடுவாங்களே, அந்த பழுப்பு கலர் கிரீஸ். அத அத்தை ரெண்டு கையாலயும் மாமா மண்டைல தேச்சுக்கிட்டு இருக்காங்க.

நான் 'கிரீஸ்ல'ன்னு சொன்னது நாட்டுல. அவங்க காதுல விழுந்தது எண்ணெய்ல, நெய்ல மாதிரி.

"இதுக்கு எதுக்குடா ஏரோப்ளேன் ஏறணும்? நம்ம சேகர் கடைல டப்பா டப்பாவா இருக்கு. பாவம், ஒரு டப்பா கேட்டேன், இன்னாத்துக்குன்னு கூட கேக்காம குடுத்தான்."

பிரெஞ்சுலயும் அந்த நாட்டுக்கும் கிரீஸுக்கும் ஒரே சத்தம்தானாம். மாமா அப்புறம் சொன்னாரு. ஆக எந்த பாஷைல சொல்லியிருந்தாலும் அவருக்கு தப்பிக்க வழி இல்ல.

மதியம் தூங்கி எழுந்தவர புடிச்சு உக்கார வெச்சிருக்காங்க. எதுக்குன்னே அவருக்கு தெரியாது. என்னை பாத்தாரு. அக்காவ பாத்தாரு. அக்கா அப்படியே செவுத்தோட ஒட்டி நிக்கறா.

அத்தை கைய நிறுத்தினாங்க. "டேய், உண்மைய சொல்லு. மண்டைக்குதான போறீங்க? வேற ஒன்னும் இல்லையே?"

மாமாவ யாராவது சொட்டைன்னு சொன்னா ரெண்டு நாள் பேச மாட்டாரு. அவ்ளோ ரோஷம். கிரீஸ் அவரு புருவத்துக்கு மேல வழிஞ்சுக்கிட்டு நிக்குது.

"மண்டைக்குதாம்மா"ன்னாரு. "இன்னும் கொஞ்சம் பின்னாடி தேய்."

அந்த செகண்ட்ல மாமா மேல எனக்கு வந்த மரியாதை இருக்கே.

அஞ்சு மணிக்கு பத்து நிமிஷம். நான் அனுப்பின மெயில பாத்துட்டு கிரீஸ் டாக்டர் வீடியோ கால்ல வர்றது அஞ்சுக்கு. மாமாவ பாத்ரூமுக்கு இழுத்துட்டு போனோம். ஷாம்பு போட்டோம், சீயக்காய் போட்டோம், பாத்திரம் கழுவற லிக்விட் போட்டோம். கிரீஸ் போகல. பளபளப்புதான் கூடுச்சு. வாசனை மட்டும் எலுமிச்சம்பழம்.

அஞ்சு மணி. ரூம் கதவ சாத்திட்டு லேப்டாப்ப திறந்தோம். டாக்டர் ஒரு லேடி. சிரிச்ச மூஞ்சி. மொதல் கேள்வியே மாமாவுக்குதான். "சார், உங்களுக்கு காய்ச்சலா? ரொம்ப வேர்த்திருக்கு."

"பாண்டிச்சேரி வெரி ஹாட் மேடம்"னாரு மாமா.

எல்லாம் நல்லா போச்சு. அக்கா தேதி பத்தி கேட்டுட்டிருந்தா. கதவு திறந்துச்சு. தாழ்ப்பாள் போட வேண்டிய ஆளு நான்.

அத்தை பவுடர் போட்டு, புடவை மாத்தி, நேரா கேமராவுக்கு முன்னாடி வந்து நின்னாங்க. "போன்ஜூர், தொக்தர் ஒவாரியான்."

டாக்டர் கண்ண சிமிட்டினாங்க. அப்புறம் மூஞ்சி மலர்ந்துச்சு. அந்தம்மா டாக்டருக்கு படிச்சது பிரான்ஸ்லயாம். ரெண்டு பேரும் பிரெஞ்சுல ஆரம்பிச்சுட்டாங்க. எனக்கு தெரிஞ்ச பிரெஞ்சு, "ரூம் காலி பண்ற டைம் பதினோரு மணி" மட்டும்தான். அதனால இது மாமா பின்னாடி சொன்ன மொழிபெயர்ப்பு.

அத்தை: "நல்லா வளருமா டாக்டர்?"

டாக்டர்: "சொல்ல முடியாது மதாம். சிலருக்கு வளரும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு எண்ணிப் பாப்போம்."

அத்தை: "எத்தனை வரும்?"

டாக்டர்: "மூணு நாலு வந்தாலே எங்களுக்கு சந்தோஷம்."

அத்தை: "மூணு நாலா? மூணு நாலு வெச்சுக்கிட்டு என்ன பண்றது? சீப்பே தேவையில்லையே. எனக்கு மண்டை பூரா வேணும்."

டாக்டர்: "மண்டையா?"

மாமா தலைய குனிஞ்சுக்கிட்டாரு. லைட்டு பட்டு ஸ்க்ரீன் முழுக்க வெள்ளையாயிடுச்சு.

டாக்டருக்கு பாவம் என்ன தெரியும், வீட்டு ஆளுன்னு நெனச்சு பொறுமையா வெளக்கினாங்க. முடி இல்ல மதாம், உங்க மருமகளோட சினைப்பை, முட்டைன்னு. சினைப்பைக்கு 'ஒவேர்'னாங்க, அந்த ஒரு வார்த்தை எனக்கே புரிஞ்சுது.

நான் அக்கா கைய புடிச்சுக்கிட்டேன்.

அத்தை மெதுவா திரும்பினாங்க. "ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

அக்கா தரைய பாத்துக்கிட்டே சொன்னா. "போன தடவ தெருவே வந்துச்சே அத்தை."

அத்தை மறுபடியும் லேப்டாப் பக்கம் திரும்பி, டாக்டர்கிட்ட பிரெஞ்சுல ஒன்னே ஒன்னு கேட்டாங்க. மாமா அத எங்களுக்கு சொல்றதுக்கே நேரம் ஆச்சு.

"அவளுக்கு வலிக்குமா?"ன்னு கேட்டாங்களாம்.

கால் முடிஞ்சு வெளிய வந்தோம். வாசல்ல எதிர்வீட்டு கலா அக்கா. கிரீஸ் வாசனைக்கும், ஏரோப்ளேன்னு அத்தை போட்ட சத்தத்துக்கும் வந்துட்டாங்க. "இன்னா யக்கா, புள்ளையும் மருமகளும் வெளிநாடு போறாங்களாமே? பழையபடி டாக்டருக்கா?"

கோயில் மைக்கு ஆன் ஆகப்போகுது.

அத்தை இடுப்புல கைய வெச்சாங்க.

"ஆமா, டாக்டருக்குதான். எம் புள்ளைக்கு மண்டைல முடி இல்ல, உனக்கு தெரியாதா? அவங்க அப்பா வழி. எம் மருமவளுக்கு ஒரு கொறையும் இல்ல. இவன்தான் தொணைக்கு கூப்பிட்டுக்கினு போறான். டேய், வந்து காட்டுடா."

மாமா வந்து காட்டினாரு.

இன்னிக்கு காலைல பால் வாங்க போன மாமாவ வழில நாலு பேரு நிறுத்தி விசாரிச்சிருக்காங்க. பாலு அண்ணன் டாக்டர் நம்பர் கேட்டிருக்காரு. ஒருத்தர் லேகியம் குடுத்திருக்காரு. அக்காவ யாரும் ஒன்னும் கேக்கல. ரொம்ப நாள் கழிச்சு தெருல எறங்கி பூ வாங்கிட்டு வந்தா.

அத்தை மட்டும் ஒரு முடிவு எடுத்துட்டாங்க. "டாக்டர்கிட்ட பிரெஞ்சுல பேச ஆள் வேணும்ல?"

அக்காவுக்கு இன்னும் விசா வரல. அத்தை பெட்டி கட்டியாச்சு.