நாஹி அண்ணாவும் ஒரு ஸ்பேர் காயிலும்

எனக்கு இதுவரை 'இல்லை' சொன்னவர்களை வரிசையாக நிற்க வைத்தால் அந்த வரிசை கோயம்புத்தூரில் தொடங்கி புனேயில் வந்து முடியும். பெண் தர மறுத்தவர்கள், வாடகைக்கு வீடு தர மறுத்தவர்கள், லீவு தர மறுத்தவர்கள் எல்லாரும் அதில் உண்டு. ஆனால் அந்த ஒரு வார்த்தையை, கல்யாண வீட்டில் சந்தனம் நீட்டுவதுபோல முகம் மலர்ந்து நீட்டியவர் நாஹி அண்ணா ஒருவர்தான்.

தொண்ணூறுகளில் புனேக்கு வெளியே இருந்த ஓர் ஆக்சிஜன் தொழிற்சாலையில் இன்ஜினியராகச் சேர்ந்தேன். அங்கே அவர் ஸ்டோர்கீப்பர். அவருடைய அப்பா வேலூர்ப் பக்கத்திலிருந்து ராணுவத் தளவாடத் தொழிற்சாலை வேலைக்கு வந்து புனேயை ஒட்டிய தாபோடியிலேயே தங்கிவிட்டவர். மராத்தியில் நாஹி என்றால் இல்லை. தெற்கிலிருந்து வந்த எவரும் அங்கே அண்ணா. தொழிலாளர்கள் இரண்டையும் சேர்த்து ஒரு பெயர் வைத்தார்கள். நாளடைவில் அவருடைய சொந்தப் பெயர் அவருக்கே ஞாபகம் இருந்ததா என்பது சந்தேகம். வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போடுமுன் ஒரு விநாடி யோசிப்பார்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம். எந்தப் பொருளும் ஸ்டோரில் கடைசியாக ஒன்று மிஞ்சிவிட்டால், அதை யாருக்கும் தரமாட்டார். வேலைக்குச் சேர்ந்த மறுநாள் ஒரு ஸ்க்ரூ டிரைவர் கேட்கப் போனேன்.

"நாஹி சாப்."

"அதோ, அலமாரியில தெரியுதுங்களே அண்ணா!"

"தெரியுது சாப். ஒண்ணுதான் கீது. அது ஸ்பேரு."

"ஸ்பேர்னா தேவைப்படறப்ப எடுக்கறதுக்குத்தானுங்களே?"

"எடுத்துட்டா அப்பால ஸ்பேருக்கு எங்க போறது?" என்று கேட்டுவிட்டு, நான் ஏதோ சின்னப் பிள்ளை என்பதுபோலச் சிரித்தார்.

தீயணைப்புப் பயிற்சி நாளில் பாதுகாப்பு அதிகாரி நூறு பேரை மைதானத்தில் நிறுத்திவிட்டு, செய்துகாட்ட ஒரு தீயணைப்பான் கேட்டு ஆள் அனுப்பினார். வெறுங்கையோடு திரும்பி வந்த ஆள், எல்லார் முன்னாலும் பதிலை ஒப்பித்தான்: "ஒன்றுதான் இருக்கிறதாம். நிஜமாக நெருப்புப் பிடித்தால் வரச் சொன்னார்." அதிகாரி அன்று முழுப் பயிற்சியையும் சைகையாலேயே நடத்தி முடித்தார்.

இன்னொரு நாள். ஜூலை மழை, மத்தியானத்திலேயே இருட்டிவிட்டது. கரண்ட் போய், ஸ்டோருக்கு வந்திருந்த பெரிய மேனேஜர் உள்ளேயே மாட்டிக்கொண்டார். டார்ச் கேட்டார். நாஹி. பிறகு அண்ணாவே டார்ச்சை எடுத்துக்கொண்டு, இன்னொரு கையில் மேனேஜரின் முழங்கையைப் பிடித்து, சேறும் சகதியுமான முற்றத்தைத் தாண்டி அவர் அறை வரைக்கும் கொண்டுபோய் விட்டார். நாற்காலியில் உட்கார்த்தியதும் டார்ச்சை அணைத்து எடுத்துக்கொண்டு ஸ்டோருக்குத் திரும்பிவிட்டார். மேனேஜர் கரண்ட் வரும்வரை அந்த இருட்டில் ஆடாமல் அசையாமல் உட்கார்ந்திருந்தாராம்.

சிரிப்புக்கு ஆளான இந்த மனிதரை நான் எப்படிக் கவிழ்த்தேன் என்பதைச் சொல்ல வேண்டும். அதற்கு எங்கள் தொழிலைப் பற்றி நான்கு வரி.

எங்கள் எந்திரம் காற்றிலிருந்து ஆக்சிஜனைப் பிரித்தெடுக்கும். அது பக்கத்திலிருந்த இரும்பு உருக்கும் ஆலைக்குக் குழாய் வழியாகப் போகும். எந்திரம் நின்றாலும் உலை நிற்கக்கூடாது. அதற்காகப் பின்னால் ஒரு பெரிய தொட்டியில் திரவ ஆக்சிஜன் வைத்திருப்போம். எந்திரம் நின்ற கணமே அந்தத் திரவம் தானாகச் சூடேறி, வாயுவாகிக் குழாய்க்குள் போகும். நாம் நின்றது உருக்காலைக்குத் தெரியக்கூடாது. எங்கள் தொழிலில் நல்ல பெயர் என்றால் அதுதான்.

இதில் ஓர் ஆபத்து உண்டு. திரவம் சரியாகச் சூடேறாமல் அதே குளிரோடு இரும்புக் குழாய்க்குள் புகுந்தால், குழாய் கண்ணாடிபோல விரிசல் விட்டுவிடும். அதைத் தடுக்க நடுவில் ஒரு வால்வு. தீப்பெட்டி அளவில் ஒரு காயில், அதாவது மின்கம்பிச் சுருள், அதைத் திறந்தே பிடித்துக்கொண்டிருக்கும். குளிர் எல்லை மீறினாலோ, காயில் எரிந்தாலோ வால்வு மூடிக்கொள்ளும். குழாய் பிழைக்கும். ஆனால் ஆக்சிஜன் போகாது. வெளிநாட்டிலிருந்து வரும் அந்தக் காயிலில் ஸ்டோரில் ஒரே ஒரு ஸ்பேர் இருந்தது. அதை யார் கேட்டாலும் என்ன பதில் வரும் என்று சொல்லத் தேவையில்லை.

அண்ணா ஒரு வாரம் லீவில், உறவுக்காரர் கல்யாணத்துக்கு வேலூர் போயிருந்தார். அந்தச் சனிக்கிழமை சிலிண்டர் நிரப்பும் இடத்தில் இதே வகைக் காயில் எரிந்துபோனது. வெளியே லாரிகள் வரிசையாக நின்றன. டெஸ்பாட்ச் அதிகாரி என் தலைமேல் நின்று கத்திக்கொண்டிருந்தார். கையுறை வேண்டும் என்று பொய் சொல்லி வாட்ச்மேனிடம் ஸ்டோர் சாவியை வாங்கினேன். ஸ்பேரை எடுத்தேன். மனசு கேட்காமல், அது இருந்த இடத்தில் ஒரு சீட்டு வைத்தேன். 'அண்ணா, காயிலை நான்தான் எடுத்தேன். சீக்கிரம் வேறு வாங்கி வைத்துவிடுகிறேன்.' மற்றவர்களுக்குப் புரியக்கூடாது என்று தமிழில் எழுதினேன். காயிலை நானே மாட்டினேன். லாரிகள் கிளம்பின. என்ன பழுது என்று எவரும் கேட்கவில்லை.

வேறு காயில் வர மூன்று வாரம் ஆகும் என்றார் மும்பை ஏஜெண்ட். திங்களன்று அண்ணா வந்தார். நான் ஸ்டோர் பக்கமே போகவில்லை.

வியாழக்கிழமை காலை கரண்ட் தடுமாறி எந்திரம் நின்றது. தொட்டி வேலையை ஏற்றுக்கொண்டது. இருபதே நிமிஷத்தில் குழாய் வால்வின் காயிலும் எரிந்தது. வால்வு மூடியது. ஆட்கள் ஸ்டோருக்கு ஓடினார்கள். ஸ்பேர் இல்லை. நான் சிலிண்டர் நிரப்பும் இடத்துக்கு ஓடி, நானே மாட்டியிருந்த காயிலைக் கழற்றிவந்து வால்வில் போட்டேன். அதற்குள் முக்கால் மணி நேரம் போய்விட்டது. உலையில் இருந்த இரும்பு பாழ். நல்லவேளை, யாருக்கும் அடிபடவில்லை.

பெரிய மேனேஜர் எல்லார் முன்னாலும் என் முதுகில் தட்டினார். எங்கே காயில் இருக்கும் என்று எனக்குச் சட்டென்று தோன்றியதாம், என்ன மூளை என்றார். அந்தத் தட்டு விழுந்த கணத்தில் என் வாய் மூடிக்கொண்டது.

மறுநாள் விசாரணை. சாவி கொடுத்தது தெரிந்தால் தன் வேலை போய்விடும் என்று வாட்ச்மேன் அதைச் சொல்லவில்லை. தொழில்நுட்ப விளக்கம் தர என்னையும் மேனேஜருக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார்கள்.

"அண்ணா, கணக்கில் ஒரு காயில் இருக்கிறது. அலமாரியில் இல்லை. யாருக்குக் கொடுத்தீர்கள்?" என்று மேனேஜர் இந்தியில் கேட்டார்.

"யாருக்கும் தரல சாப்."

"யார் எடுத்தது என்று தெரியுமா?"

"நாஹி," என்றார். அன்று மட்டும் முகத்தில் சிரிப்பு இல்லை.

சாயங்காலம் பஸ் ஸ்டாப்பில் என் பக்கத்தில் வந்து நின்றார். சட்டைப் பையிலிருந்து என் சீட்டை எடுத்து நீட்டினார்.

"சாப், எனக்கு தமிள் பேசத்தான் வரும், படிக்க வராது. மராட்டி ஸ்கூலு. ஏதோ மந்திரிச்சு வெச்ச சீட்டுன்னு பயந்து ஊட்டுக்கு எடுத்துனு போனேன். என் சம்சாரம்தான் படிச்சு சொல்லிச்சு. ரொம்ப அழகா எழுதிக்கிறீங்களாம்."

"அண்ணா, நான் நாளைக்கே மேனேஜர்கிட்டச் சொல்லிடறேனுங்க."

"நாஹி, நாஹி. உங்களுக்கு வேல இன்னும் பர்மனென்ட் ஆவல. தூக்கிடுவாங்க. எனக்கு இன்னா, ரிட்டயராவ இன்னும் மூணு வருசம். எங்கனா போட்டும், ஓட்டிக்கிறேன்."

அவர் சொன்ன எத்தனையோ நாஹிகளை எதிர்த்து நான் வாதாடியிருக்கிறேன், ஒரு ஸ்க்ரூ டிரைவருக்காக அரைமணி நேரம் சண்டை போட்டிருக்கிறேன். அந்த ஒரு நாஹிக்கு மட்டும் மறுபேச்சுப் பேசாமல் பஸ்ஸில் ஏறிவிட்டேன்.

அவரை வாசல் கேட்டுக்கு மாற்றினார்கள். லாரி எண்ணைக் குறிக்கும் வேலை. மழைக்கு ஒதுங்கக் கூரைகூடக் கிடையாது. அங்கேயும் அவர் மாறவில்லை. பார்வையாளர் பாஸில் ஒன்று மிச்சமானதும் தருவதை நிறுத்திவிடுவார். உருக்காலை அதிகாரியே ஒருமுறை அரைமணி நேரம் வெளியே நின்றார். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் காலையும் மாலையும் அவர் முகத்தைப் பார்க்காமல் அந்தக் கேட்டைக் கடக்கப் பழகிக்கொண்டேன். வேலை நிரந்தரமான பிறகாவது சொல்லியிருக்கலாம். பிரமோஷன் வரட்டும் என்றிருந்தேன். அதுவும் வந்தது.

அவர் ஓய்வுபெற்ற நாளில், தமிழ்க்காரன் என்று என்னையே பேசச் சொன்னார்கள். டார்ச் கதையும் தீயணைப்பான் கதையும் சொல்லிப் பத்து நிமிஷம் கைதட்டல் வாங்கினேன். சால்வை போர்த்தியபோது அவர் என் கையைப் பிடித்து, "நல்லா பேசுனீங்க சாப்" என்றார்.

நான் குடியிருந்தது சாங்வியில். அங்கிருந்து ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் தாபோடி. நடந்தே போகிற தூரம். அவர் ஓய்வுபெற்ற பிறகு நான் போய்ச் சேர ஏழு வருஷம் ஆயிற்று.

அதற்குள் பெரிய மேனேஜர் வேறு ஊர் போயிருந்தார். நான் புது மேனேஜருக்கு எல்லாவற்றையும் கடிதமாக எழுதிக் கொடுத்தேன். அவர் படித்துவிட்டு, "அந்த மாடல் வால்வே இப்போது நம்மிடம் இல்லையே?" என்று கேட்டு ஃபைலில் வைத்துக்கொண்டார். அந்த வார ஞாயிற்றுக்கிழமை தாபோடிக்குப் போனேன்.

கதவைத் திறந்தது அவர் மனைவி. நான் யார் என்று சொன்னதும் வழியை விடாமல் நின்றார்.

"மூணு மழக்காலம் கேட்டாண்ட நின்னாரு. அந்தச் சளி இன்னும் நெஞ்ச வுட்டுப் போவல. ஒரு வாட்டி எட்டிப் பாத்தீங்களா?"

"இல்லீங்க அக்கா," என்றேன்.

"அரே, வுடும்மா. சாப் வந்துகிறாரு. சாய் போடு," என்று உள்ளேயிருந்து இருமலோடு குரல் வந்தது.

பாதியாக இளைத்திருந்தார். கடிதம் கொடுத்ததைச் சொன்னேன். அவர் சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"இன்னாத்துக்கு சாப் குடுத்தீங்க? உங்க வேலைக்கு ஒண்ணும் ஆவலியே?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பார்க்காததுபோல ஜன்னல் பக்கம் திரும்பி, எங்கள் பழைய கேன்டீன்காரர் மகளுக்குக் கல்யாணம் ஆனதைப் பற்றி ரொம்ப நேரம் பேசிக்கொண்டிருந்தார்.

புறப்பட்டபோது, வேண்டாம் என்று சொல்லியும் கேளாமல், நின்று நின்று மூச்சு வாங்கிக்கொண்டு பாலம் வரைக்கும் கூட வந்தார்.

"அடுத்த ஞாயித்துக்கெளம வரியா தம்பி?" என்றார். அதுவரை அவர் என்னை சாப் என்பதைத் தவிர வேறெப்படியும் கூப்பிட்டதில்லை.

போனேன். அவர் இருந்தவரை எந்த ஞாயிற்றுக்கிழமையிலும் எனக்கு வேறு வேலை இருந்ததில்லை.