வெள்ளைக் காருக்கு மூன்று பூச்சு மெழுகு

லுஷ்ன்யா,
செப்டம்பர் 9

டோர்ட்முண்ட் நகரில் வசிக்கும் பெரியப்பா மகன் சோகோல் அண்ணன் அவர்களுக்குத் தம்பி லுவான் வணக்கத்துடன் எழுதுவது.

உங்கள் கார் என் கல்யாணத்தைத் திருடிவிட்டது. மற்றபடி இங்கே அனைவரும் நலம். அங்கே தாங்களும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நம்பாவிட்டாலும் அப்படித்தான் எழுத வேண்டும் என்று அம்மா பக்கத்தில் நின்று சொல்கிறார். பெரியப்பாவின் முழங்கால் வீக்கம் வடிந்துவிட்டது. நான் நான்கு முறை போன் செய்தேன், நீங்கள் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினால் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டும் படம் ஒன்றைத் தட்டிவிட்டுப் போய்விடுவீர்கள். ஆகவே காகிதத்தில் எழுதி, ஜெர்மனி பஸ் ஓட்டும் இல்மியிடம், அம்மா கட்டிக் கொடுத்த ஆட்டுப்பால் சீஸ் பொட்டலத்துக்குள் வைத்து அனுப்புகிறேன். சீஸ் வேண்டுமென்றால் கடிதத்தையும் பிரித்துத்தான் ஆக வேண்டும்.

நம் ஊர் மெயின் ரோட்டில் ‘லவாஷ்’ என்று சிவப்பில் எழுதிய பலகைகளில் பதினோராவது எங்களுடையது என்பது உங்களுக்குத் தெரியும். தொழிற்சாலையை மூடினார்கள், எல்லோரும் ஒரு தண்ணீர்க் குழாயை வாங்கி வாசலில் மாட்டிக் கார் கழுவும் கடை ஆரம்பித்தார்கள். வேலை இல்லாத ஊரில் ஒருவர் காரை ஒருவர் கழுவிப் பிழைக்கிறோம். அந்தப் பதினோராவது பலகைக்குக் கீழேதான் ஆகஸ்ட் மூன்றாம் தேதி காலையில், என் கல்யாணத்துக்கு நான்கு நாள் இருக்கும்போது, மூக்கில் நட்சத்திரம் வைத்த அந்த வெள்ளைக் காரைக் கொண்டுவந்து நிறுத்தினீர்கள். கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமலே, “தம்பி, சும்மா தண்ணி ஊத்தி விட்டாப் போதும்டா” என்றீர்கள். எங்கள் முதலாளி ஜெவ்தெத் ஓடிவந்து உங்களுக்கு நாற்காலி போட்டார். ஆறு வருடமாக அங்கே வேலை பார்க்கிற எனக்கு அவர் நாற்காலி போட்டதில்லை. பெண்ணை அழைத்துவர முதல் காராக இதுதான் போக வேண்டும் என்று பெரியப்பா அறிவித்தார். முதல் கார் என்றால் அது கண்ணாடி மாதிரி இருக்க வேண்டும் என்று ஜெவ்தெத் அறிவித்தார். மாப்பிள்ளையை யாரும் எதுவும் கேட்கவில்லை. கையில் வாளியைக் கொடுத்தார்கள்.

முதல் நாள் நுரை போட்டுக் கழுவி, பெயிண்டில் ஒட்டியிருந்த துருப் பொட்டுகளை அதற்கென்றே விற்கிற களிமண் கட்டியால் தேய்த்தே எடுத்தேன். வெள்ளைக் காரில் அவை அம்மைத் தழும்பு மாதிரி தெரியும். இரண்டாம் நாள் பாலிஷ் மெஷின், கை மரத்துப்போகும் வரை. மூன்றாம் நாள் மெழுகு. கறுப்புக் காரில் மெழுகு தடவினால் தடவிய இடம் புகைபடிந்த மாதிரி தெரியும், துடைத்தால் போகும். வெள்ளையில் எங்கே தடவினோம், எங்கே விட்டோம் என்று கடவுளுக்கே தெரியாது. ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு, பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, கன்னத்தைக் கதவோடு ஒட்டிவைத்துப் பார்த்துப் பார்த்து மூன்று பூச்சுப் பூசினேன். எனக்கு நிச்சயித்த எர்மீராவின் கன்னத்துக்கு அவ்வளவு அருகில் அதுவரை நான் போனதில்லை. நீங்கள் நாற்காலியில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டே, “கீல் பக்கம் ஒரு கோடு இருக்கு பாரு”, “பெட்ரோல் மூடிக்கு உள்ள மெழுகு வெள்ளையாக் காஞ்சிருக்கு, அதையும் எடு” என்று விரலை நீட்டினீர்கள். எனக்கு எரிந்தது. ஆனாலும் எடுத்தேன்.

கல்யாணத்தன்று கார்களை எண்ணினார்கள். பெண் அழைக்கப் போகிற கார்கள் ஒற்றைப்படையாகத்தான் இருக்க வேண்டும். என்னுடைய பழைய கோல்ஃப் காரைச் சேர்த்து எங்களிடம் ஏழு கார்கள், சரியான கணக்கு. உங்களுடையதோடு எட்டு. எட்டு ஆகாது என்று பெரியப்பா தலையை ஆட்டினார். எதை நிறுத்துவது என்று ஒருவரும் யோசிக்கக்கூட இல்லை. மாமா ஒருவர் என் கோல்ஃபைத் தள்ளிக்கொண்டுபோய்க் கோழிக்கூண்டுக்குப் பின்னால் விட்டார், விருந்தினர் கண்ணில் படக் கூடாதாம். மாப்பிள்ளை வீட்டில்தான் காத்திருக்க வேண்டும் என்பதால் நான் கோட்டு சூட்டோடு வாசலில் நின்று, என் கையால் பளபளப்பாக்கிய காரில் நீங்கள் என் பெண்ணை அழைத்துவரப் போவதைப் பார்த்துக் கையசைத்தேன். பின் கண்ணாடியில் என் முகம் தெரிந்தது, அவ்வளவு நன்றாகத் துடைத்திருந்தேன்.

இதற்கு மேல் ‘நீங்கள்’ போட என்னால் முடியாது. நீ என்றே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

போன வழியில் திரும்பக் கூடாது என்பது நீ பிறப்பதற்கு முன்பே இருக்கிற வழக்கம். திரும்புவதற்குக் கல்குவாரி ரோடு என்று ஒரு வாரம் முன்பே முடிவானது. அதில் மாவு மாதிரி தூசி பறக்கும் என்பது நாய்க்கும் தெரியும். நீ ஜெர்மனிக்காரன், உனக்குத் தெரியவில்லை. இங்கே அம்மா வாசற்படியில் தேன் கிண்ணத்தோடு நிற்கிறார், மருமகள் விரலைத் தேனில் தோய்த்துத்தான் உள்ளே வர வேண்டும். நான்கு மணிக்கு வர வேண்டியவர்கள் ஐந்துக்கும் வரவில்லை, ஐந்தரைக்கும் வரவில்லை. தேனில் எறும்பு வந்துவிட்டது. சூப் ஆறிவிட்டது. கிளாரினெட்காரர் ஒரே பாட்டை ஐந்தாவது தடவை வாசித்துவிட்டு, ராக்கிச் சாராயம் கொடுத்தால்தான் ஆறாவது தடவை என்றார். பெண் மனதை மாற்றிக்கொண்டு இறங்கிவிட்டாள் என்று பக்கத்து வீட்டார் எனக்குக் கேட்கும்படியே பேசினார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். இரண்டு வருடம் காத்திருந்து நிச்சயித்த பெண், அண்ணா. அவள் அப்பா நஸ்மிக்கு ஆரம்பத்திலிருந்தே என்னைப் பிடிக்கவில்லை என்பதும் உனக்குத் தெரியும்.

கடைசியில் ஆறு மணிக்கு வந்தீர்கள். கார் வெள்ளை வெளேரென்று வந்தது. பின்னால் வந்த ஆறு கார்களும் மாவு மூட்டை மாதிரி வந்தன. எனக்கு அப்போதே சந்தேகம். அப்புறம்தான் தெரிந்தது: ஊருக்கு வெளியே என் போட்டிக்காரன் ஸ்கெண்டர் வைத்திருக்கிற லவாஷில் வண்டியைத் திருப்பி, மணக்கோலத்தில் என் மனைவி உள்ளே உட்கார்ந்திருக்க, ஆறு கார்கள் வரிசையில் நின்று ஹாரன் அடிக்க, ஒன்றரை மணி நேரம் காரைக் கழுவியிருக்கிறாய்.

கல்யாண வீடியோவில் முதல் நாற்பது நிமிடம் உன் கார்தான். நான் நாற்பத்தோராவது நிமிடத்தில் வருகிறேன், தேனிலிருந்து எறும்பு பொறுக்கிக்கொண்டு.

மறுவாரம் நஸ்மி மாமா விருந்துக்கு வந்தார். மகளைப் பார்ப்பதற்கு முன்னால் உன் காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். பானட்டில் உள்ளங்கையை வைத்துத் தடவிவிட்டு என்னிடம் சொன்னார்: “மாப்பிள்ளை, நீங்க இதைத் துடைக்க மூணு நாள் ஆச்சாமே. அவரு இதை வாங்குறதுக்கு என்ன செஞ்சாருன்னு கொஞ்சம் கேட்டுத் தெரிஞ்சுக்குங்க.” மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அதைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

கேட்டுத் தெரிந்துகொள்ள நான் எங்கும் போகவில்லை. எர்மீராவே சொன்னாள். போன ஞாயிற்றுக்கிழமை பைரெக் என்கிற சீஸ் அடைக்கு மாவு விரித்துக்கொண்டே, சாதாரணமாகச் சொன்னாள்.

“உங்க அண்ணன் அன்னிக்கு ஸ்கெண்டர் ஆளுங்களைத் தள்ளி நிக்கச் சொல்லிட்டு, கோட்டைக் கழட்டி என் மடியில போட்டுட்டு, தானே கழுவினாரு. முதல்ல சக்கரம், அப்புறம் கூரை. துணியைத் தேய்க்காம விரிச்சுப் போட்டு இழுத்தாரு. நீ செய்யறதெல்லாம் அப்படியே.”

“என்னைப் பாத்துக் கத்துக்கிட்டிருப்பான்” என்றேன்.

“இல்ல. உன்னைவிட வேகம்.”

அண்ணா, அன்று ராத்திரி நான் சாப்பிடவில்லை. ஜெர்மனியில் உனக்குக் கம்பெனி இருக்கிறது, கீழே ஆட்கள் இருக்கிறார்கள் என்று பெரியப்பா ஒன்பது வருடமாக ஊர் முழுக்கச் சொல்கிறார். காரின் சொந்தக்காரன் எவனும் பெட்ரோல் மூடிக்கு உள்ளே பார்க்க மாட்டான். கீல் பக்கம் பார்க்க மாட்டான். துணியை விரித்துப்போட்டு இழுக்கத் தெரிந்தவன் ஒரு நாளைக்கு நாற்பது கார் துடைத்தவன். நீ அங்கே கார் கழுவுகிறாய். அந்தக் கார் உன்னுடையதா, கழுவக் கொடுத்த வேறு எவனுடையதா என்றுகூட நான் கேட்கப்போவதில்லை. அதே வேலையைச் செய்கிற ஒருவன் நாற்காலியில் உட்கார்கிறான், ஒருவன் வாளியோடு நிற்கிறான். நடுவில் இருப்பது எல்லைக்கோடு ஒன்றுதான். அதைத் தாண்டியவனுக்கு என் மாமனார் எழுந்து நிற்கிறார். அதைவிட எனக்கு வலிப்பது, நீ என்னைவிட வேகம் என்று என் மனைவி சொன்னது.

ஆகவே கேட்டுக்கொள்வது: வருகிற ஞாயிறு மதியம் நஸ்மி மாமா மறுபடி சாப்பிட வருகிறார். சரியாக ஒரு மணிக்கு வீடியோவில் கூப்பிடு. போனை அவர் முன்னால் ராக்கிப் புட்டியில் சாய்த்து வைக்கிறேன். நீ செய்கிற வேலை என்ன என்று உன் வாயால் சொல். மறைக்காமல், வேலை உடுப்போடு, வாளியோடு.

பெரியப்பா, பெரியம்மா, அம்மா எல்லோருடைய ஆசியும் உனக்கு உண்டு. உன் கை கால் சுகத்துக்காக அம்மா மெழுகுவர்த்தி ஏற்றியிருக்கிறார். குளிருக்கு முன்னால் ஒரு நல்ல ஸ்வெட்டர் வாங்கிக்கொள். சீஸை உப்புத் தண்ணீரில் போட்டு வை.

இப்படிக்கு,
உன் அன்புத் தம்பி
லுவான்

பி.கு.: ஞாயிற்றுக்கிழமை கூப்பிட வேண்டாம். கடிதத்தை எர்மீரா படித்துவிட்டாள். “உங்க அண்ணன் கழுவுறவர்னு சொல்லிட்டா, எங்கப்பாவுக்குக் கார் கழுவுற மாப்பிள்ளையோட அண்ணனும் கார் கழுவுறவர். சொல்லாம இருந்தா, நமக்கு ஜெர்மனில ஒரு ஆள் இருக்காரு” என்கிறாள். நான் அரை மணி நேரம் சண்டை போட்டேன், பிறகு ஒரு மணி நேரம் யோசித்தேன். நீ முதல் நாள் சும்மா தண்ணீர் ஊற்றினால் போதும் என்றுதான் சொன்னாய். மூன்று பூச்சு மெழுகு நானாகப் போட்டது, உன் முன்னால் என் கைத்திறமையைக் காட்ட. அதையும் ஒத்துக்கொள்கிறேன். வெள்ளைக் காருக்கு என்னைவிட நல்ல கை நீ வேலை பார்க்கிற கடையில் இருக்காது, உன்னைத் தவிர. நான் அங்கே வந்தால் எர்மீராவும் கூட வருவாளாம், உள்பக்க சீட் எல்லாம் அவள் துடைப்பாளாம். இல்மி செவ்வாய்க்கிழமை திரும்புகிறான். அங்கே இரண்டு பேருக்கு வேலை இருக்கிறதா, இல்லையா? அதை மட்டும் ஒரு வரியில் எழுதி அவன் கையில் கொடு.