முத்திரையம்மன் எழுதிய தடை

கணபதி என்கிற பகுதியில் அந்தத் தகரக் கொட்டகைக்கு முன்னால் வியாழக்கிழமை காலையில் வந்து பார்த்தால், ஏதோ கல்லூரியில் சேர்க்கை நடக்கிறது என்றுதான் நினைப்பீர்கள். எல்லார் கையிலும் ஃபைல். எல்லா ஃபைலிலும் பட்டம். பேய் பிடித்தவர்கள் போகிற இடம் வேறு. இது பட்டம் பிடித்தவர்கள் வருகிற இடம்.

முன்பு லேத் பட்டறையாக இருந்த கொட்டகை. இரும்புத்தூள் வாசனை இன்னும் போகவில்லை. அதன்மேல் சாம்பிராணிப் புகை. உள்ளே முத்திரையம்மன். அம்மனுக்கு முன்னால் முத்திரைச் சாமி. நம் ஊர்ப் பட்டத்தை வெளிநாட்டுக்காரன் ஒப்புக்கொள்ளும்படி செய்வதுதான் இவருடைய துறை. கல்யாணம், குழந்தை, கோர்ட் வழக்கு எதையும் தொடமாட்டார். அந்த விஷயத்தில் கண்ணியமானவர். ஸ்பெஷலிஸ்ட் என்றால்தானே நமக்கு மரியாதை.

வாசலில் பூக்கடை. கனடாவுக்குச் செவ்வரளி, ஜெர்மனிக்குச் சம்பங்கி, ஆஸ்திரேலியாவுக்குத் தாமரை. அயர்லாந்துக்கு என்ன பூ என்று ஒருவர் கேட்டார். "அது சின்ன நாடுங்க, மல்லியே போதும்" என்றார் கடைக்காரர். என் காதால் கேட்டேன். கேட்டுவிட்டுத் தலையையும் ஆட்டினேன்.

ஆம், நானும் அந்த வரிசையில்தான் நின்றேன். பெயர் சசிதர். எம்.எஸ்சி., எம்.ஃபில். பெருந்துறைப் பக்கம் ஒரு தனியார் கல்லூரியில் உதவிப் பேராசிரியர். நடத்துகிற பாடம் வேதியியல். இந்தக் கடைசிச் சொல்லை நீங்களாவது மறக்காமல் இருங்கள். நான் மறந்துவிட்டேன்.

கனடாவுக்குப் போக வேண்டும் என்றால், என் பட்டம் அந்த ஊர்ப் பட்டத்துக்குச் சமம்தானா என்று ஒரு நிறுவனம் முதலில் சரிபார்க்க வேண்டும். அவர்கள் என்னிடம் கேட்டது ஒன்றுதான்: மதிப்பெண் பட்டியலைப் பல்கலைக்கழகமே உறையிலிட்டு, முத்திரை வைத்து, நேராக அனுப்ப வேண்டும். அதற்கு நான் பல்கலைக்கழகத்துக்குப் போய் வரிசையில் நிற்க வேண்டும். அங்கே கரண்ட் போகும். கையெழுத்துப் போடுகிறவர் லீவில் இருப்பார். முத்திரைச் சாமி லீவே போடுவதில்லை.

என் மனைவி ஹாரிகா முதல் நாளே கேட்டாள்.

"ஏனுங்க, கனடாக்காரன் கேட்டது யுனிவர்சிட்டி சீலு. அம்மன் சீலு இல்லீங்களே?"

"உனக்குப் புரியாது. அது ஒரு எனர்ஜி."

"எனர்ஜின்னா ஈ.பி. ஆபீஸ்ல குடுப்பாங்களே. கணபதிக்கு எதுக்குங்க போறீங்க?"

விஞ்ஞானம் தெரியாதவள் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வண்டியை எடுத்தேன்.

முறை இதுதான். சாமியின் வலப்பக்கம் ஒரு மரப்பெட்டி. அதில் வெள்ளைக் காகிதக் கட்டு. ஒரு தாளை எடுத்து நம் சான்றிதழின் மேல் வைப்பார். இரண்டையும் சேர்த்துச் சிவப்புக் கயிற்றால் கட்டி, அம்மன் பாதத்தில் வைத்துக் கண்ணை மூடுவார். அம்மன் நம் மதிப்பெண்களைப் படிக்கிறாள் என்று பொருள். பிறகு கயிற்றை அவிழ்த்து, வெள்ளைத் தாளை மட்டும் தனியே தட்டில் விரித்து, மஞ்சள் தீர்த்தத்தை வேப்பிலையால் தெளிப்பார். வெற்றுத் தாளில் ரத்தச் சிவப்பாக எழுத்துகள் எழும். 'ஏற்பு' என்று வந்தால் விமானம் ஏறலாம். 'தடை' என்று வந்தால் பரிகாரம், முறைக்கு முறை தட்சிணை.

எனக்குத் தடை வந்தது. எனக்கு உடம்பெல்லாம் புல்லரித்தது. காரத்தில் மஞ்சள் சிவக்கும் என்று வருடா வருடம் கரும்பலகையில் எழுதிப் போடுகிற கை, அன்று கன்னத்தில் போட்டுக்கொண்டது.

"படிப்புல குத்தமில்லீங்க. கண்ணுபட்டிருக்குது" என்றார் சாமி. "ஒரிஜினலை அம்மன் காலடியில வெச்சுட்டுப் போங்க. அவ வழி திறக்கற வரைக்கும் அந்தக் கனடாக்காரங்களுக்கு நீங்க ஒண்ணும் எழுதப்படாது."

கொடுத்தேன். அசல் சான்றிதழ்களைப் பீரோவில் ஹாரிகாகூடத் தொடக்கூடாது என்று பூட்டி வைத்திருந்தவன், சட்டை போடாத ஒரு மனிதரிடம் ரசீதுகூடக் கேட்காமல் கொடுத்தேன். கனடாவிலிருந்து மின்னஞ்சல் வந்தது: பட்டியல் இன்னும் வரவில்லை, தாமதித்தால் கோப்பை மூடிவிடுவோம் என்று. சாமியிடம் காட்டினேன். "பாத்தீங்களா, பதறிப்போய் அவங்களே எழுதறாங்க" என்றார். எனக்கும் அது அப்படித்தான் பட்டது.

மூன்றாவது முறையாக நான் போன அன்று, வரிசையில் எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் நின்றார்கள். மகள் அன்புக்கரசி. நகரத்தில் ஒரு மருத்துவமனையில், தீவிர சிகிச்சைப் பிரிவில் நர்ஸ். ஜெர்மனிக்கு விண்ணப்பிக்கிறாள். தாய் பாவாத்தாள், காங்கேயத்திலிருந்து விடியக்காலைப் பஸ் பிடித்து வந்தவர். கூட்டி வந்தது அவர்தான் என்பது மகளின் முகத்திலேயே தெரிந்தது.

நானாகவே பேச்சுக் கொடுத்தேன். படித்த பெண்ணுக்கு, படித்தவன்தானே விளக்க வேண்டும்.

"சந்தேகமே வேண்டாம்மா. இது மூடநம்பிக்கை கிடையாது. பேப்பரோட ஃபைபர்ல ஒரு வைப்ரேஷன் ஏறுது."

"நீங்க என்னங்க சார் படிச்சிருக்கீங்க?"

"கெமிஸ்ட்ரி."

"அப்ப உங்களுக்குத் தெரியாதுங்களா" என்றாள். கேலியா, மரியாதையா என்று எனக்குப் புரியவில்லை. பெருமையாகச் சிரித்துவைத்தேன்.

அவள் முறை வந்தது. தாள், கயிறு, தீர்த்தம். தடை. பாவாத்தாள் வாயைப் பொத்திக்கொண்டார்.

"ஒரிஜினலை வெச்சுட்டுப் போம்மா" என்றார் சாமி.

"அது முடியாதுங்க. அடுத்த வாரம் ஜெர்மன்ல மொழிபெயர்க்கறவங்ககிட்ட ஒரிஜினலக் காட்டோணும்."

"அப்பச் சரி. உனக்கு ஜெர்மனி இந்தச் சென்மத்துல இல்ல."

பாவாத்தாள் அழத் தொடங்கினார். "குடுத்துப்போடு கண்ணு. உன்னையப் படிக்க வெக்கறதுக்கு நானும் உங்கப்பனும் எத்தன வெயில்ல களத்துல தேங்காப் பருப்புக் காயப்போட்டோம். சாமி வாக்குல தடைன்னு வந்துபோட்டா எனக்குத் தூக்கம் வருமா?"

"அழுவாதம்மா." அன்புக்கரசி ஃபைலை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். கொடுத்துவிடுவாள் என்றுதான் நினைத்தேன். ஒரு கணம் அவளும் நினைத்திருப்பாள். பிறகு சாமியைப் பார்த்துக் கேட்டாள்.

"சாமி, அம்மன் சர்டிபிகேட்டப் பாத்துட்டுத்தான எழுதறா?"

"பாக்காம எப்படிம்மா எழுதுவா?"

"அப்ப, யாரோட சர்டிபிகேட்டு மேலயும் இன்னும் வெக்காத தாள்ல தெளிச்சுக் காட்டுங்க. அம்மன் எதையும் பாக்கல. எழுத்து வரக்கூடாதுங்களே?"

சாமியின் முகம் மாறியது.

"அம்மனையே சோதிக்கிறியா?"

"அம்மனை இல்லீங்க. தாளை."

கூட்டம் முணுமுணுத்தது. "படிச்ச திமிரு" என்றார் நான்கு பட்டம் வைத்திருந்த ஒருவர். அந்த நேரத்தில் சாமியின் மானத்தைக் காப்பாற்ற ஒரு வீரன் முன்னால் வந்தான். அவன் வேதியியலில் எம்.ஃபில்.

"சாமி, நீங்க சும்மா இருங்க. விஞ்ஞானத்துக்குப் பயப்பட நம்மகிட்ட என்ன இருக்கு? நானே தெளிக்கிறேன். எழுத்து வராது. அதோட இந்தப் பொண்ணு வாய மூடட்டும்!"

சாமி "வேண்டாமுங்க, வேண்டாமுங்க" என்று என் கையைப் பிடித்தார். தன்னடக்கம் என்று நினைத்து அந்தக் கையைத் தட்டிவிட்டேன். பெட்டியிலிருந்து ஒரு தாளை உருவினேன். எல்லாருக்கும் தூக்கிக் காட்டினேன். வெற்றுத் தாள். வேப்பிலையைத் தீர்த்தத்தில் முக்கி ஓங்கித் தெளித்தேன்.

தடை.

அடுத்த தாள். தடை. அதற்கடுத்ததும் தடை. என் கை நிற்கவில்லை. பெட்டிக்கு அடியில் துணியில் சுற்றி வேறொரு சின்னக் கட்டு இருந்தது. அதிலிருந்து ஒன்றை எடுத்துத் தெளித்தேன். ஏற்பு.

எங்கள் தலையெழுத்து, நாங்கள் பல் விளக்குவதற்கு முன்பே எழுதி அடுக்கப்பட்டிருந்தது.

"இதெல்லாம் யாருக்கு வந்த தடைங்க?" என்று கேட்டார் அங்கப்பன். மகனின் பி.ஃபார்ம். பட்டத்தோடு வந்திருந்தவர். அதற்குள் பின்னாலிருந்து ஒருவர் பாய்ந்து வந்தார். "அந்த ஏற்பு என்னுதுங்க!" அவ்வளவுதான். சின்னக் கட்டுக்கு அடிதடி. மோசடி கண்ணெதிரே கிழிந்து தொங்குகிறது. அதில் கிழியாத துண்டு தனக்குக் கிடைக்குமா என்று பட்டதாரிகள் முட்டிக்கொள்கிறார்கள்.

அன்புக்கரசி என்னிடம் வந்தாள். "சார், நீங்க கெமிஸ்ட்ரிதான. இது எப்படிங்க வருது?"

அப்போதுதான் எனக்குள் எங்கோ தூங்கிக்கொண்டிருந்த உதவிப் பேராசிரியர் எழுந்து உட்கார்ந்தார்.

"சலவைச் சோடா" என்றேன். "சோடாவைத் தண்ணீல கரைச்சு எழுதினா, காஞ்சதும் ஒண்ணும் தெரியாது. மஞ்சத்தண்ணி பட்டா எழுதின இடம் மட்டும் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சளும் சுண்ணாம்பும் சேந்து சிவக்குதே, அதேதான்."

"ஆலாத்தியா?" என்றார் பாவாத்தாள், மூக்கைச் சிந்திக்கொண்டே.

"ஆமாங்கம்மா. புளிப்புப் பட்டா மறுபடி மஞ்சளாயிரும்."

அம்மன் தட்டில் பாதியாக அரிந்த எலுமிச்சம்பழம் குங்குமத்தோடு இருந்தது. குங்குமத்தைத் துடைத்துவிட்டு, அன்புக்கரசியின் தாளில் பிழிந்தேன். ரத்தச் சிவப்பாக நின்ற எழுத்து கரைந்து மஞ்சளாகி மறைந்தது. ஜெர்மனிக்கு இருந்த தடை அரை எலுமிச்சம்பழத்தில் நீங்கியது.

பாவாத்தாள் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு சாமி பக்கம் திரும்பினார். "ஏனுங்க சாமி, எம்புள்ளைய அழவெக்கறதுக்கு உமக்குச் சோடா கேக்குதா?"

சாமி அம்மனுக்குக் கோபம் வரும் என்றார். ஒருவரும் நகரவில்லை. எங்கள் அசல் சான்றிதழ்களைச் சாமி பூட்டி வைத்திருந்த கொட்டகைப் பீரோவின் சாவியை எடுத்துக் கொடுத்தது அவருடைய மைத்துனன் பிரவின்குமார். கல்யாணமாகி, முன்மண்டை வழுக்கை விழத் தொடங்கிய ஆள். அவன் சொல்லித்தான் எல்லாம் தெரிந்தது. சாமியின் பெயர் நஞ்சுண்டன். சாயப்பட்டறையில் நிறம் கலக்கிக்கொண்டிருந்தவர். தாள்களில் காலைதோறும் பஞ்சுக் குச்சியால் எழுதி உலர்த்துவது பிரவின்குமாரின் வேலை.

"வெக்கமா இல்லையாடா?" என்று அங்கப்பன் அவன் சட்டையைப் பிடித்தார்.

"நானும் பி.இ. தானுங்க" என்றான் அவன். "எனக்கும் கனடாவுக்கு ஏற்பு வாங்கித் தாறேன்னாரு மாமா. என்னுது இன்னும் தடையாவே வருதுங்க."

"அதையும் நீதானடா எழுதுன!"

"இல்லீங்க. மத்தவங்களுதுதான் நான் எழுதறது. என்னுத அம்மன் எழுதறான்னு மாமா சொன்னாருங்க."

யாரும் சிரிக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் அவனைப் பார்த்துச் சிரிக்க அந்தக் கொட்டகையில் எனக்கு என்ன தகுதி?

போலீஸ் வந்து நஞ்சுண்டனை அழைத்துப் போனது. என் எம்.எஸ்சி. சான்றிதழ் கிடைத்தது. என் பெயர் இருந்த இடத்தில் எண்ணெய், பல்கலைக்கழகத்தின் முத்திரைமேல் சந்தனப் பொட்டு. வீட்டுக்கு வந்து மின்னஞ்சலைத் திறந்தேன். கனடாவில் கோப்பை மூடிவிட்டார்கள். முதலிலிருந்து தொடங்க வேண்டும். ஹாரிகா சான்றிதழை வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன்.

"நகல் சான்றிதழுக்கு எங்க எழுதிக் குடுக்கோணும்னு பாருங்க" என்று மட்டும் சொன்னாள். திட்டியிருக்கலாம்.

அன்புக்கரசி குறித்த நாளில் மொழிபெயர்ப்பை முடித்து அனுப்பினாள். சில மாதங்கள் கழித்துப் போனில் பேசினாள். அவள் பட்டத்தை ஜெர்மனியில் முழுதாக ஒப்புக்கொள்ளவில்லையாம். அவள் குரலில் கவலையே இல்லை.

"எந்தப் பாடம் கொறையுது, எத்தன மணி நேரம் கொறையுதுன்னு எழுதியிருக்காங்க சார். அங்க போய்ப் பயிற்சி எடுக்கலாம், இல்லாட்டி பரீட்சை எழுதலாம். படிச்சுட்டாப் போச்சுங்க."

அதுவும் தடைதான். ஆனால் ஏன் என்று சொல்கிற தடை. அதில் எலுமிச்சம்பழம் பிழிய முடியாது, புத்தகத்தைத் திறக்கலாம்.

சென்ற வாரம்தான் நான் பல்கலைக்கழகத்துக்குப் போய் மதிப்பெண் பட்டியலுக்கு விண்ணப்பம் வாங்குகிற ஜன்னலுக்கு முன் நின்றேன். கரண்ட் போனது. கையெழுத்துப் போடுகிறவர் லீவு. வரிசையில் கணபதிக் கொட்டகையில் பார்த்த முகங்கள் நிறைய. அன்று 'படிச்ச திமிரு' என்ற அந்த நான்கு பட்டக்காரரும் இருந்தார். என்னைப் பார்த்ததும் நெருங்கி வந்து, குரலைத் தாழ்த்தினார்.

"சார், உங்களுக்குத்தான் விவரம் தெரியும். விண்ணப்பத்த எந்த ஓரையில குடுத்தா நல்லதுங்க?"

"ஜன்னல் திறந்திருக்கிற ஓரையில" என்றேன்.

அவர் அதைக் கைபேசியில் குறித்துக்கொண்டார். நம் பட்டம் செல்லுமா என்று வெளிநாட்டுக்காரன் ஆயிரம் கேள்வி கேட்கிறானே என்று கோபப்படுகிறோம். அவனாவது கேட்கிறான். அதில் ஒரே ஒரு கேள்வியை நாமும் கேட்கப் பழகியிருந்தால், சோடாவுக்கு இந்த ஊரில் துணி துவைப்பதைத் தவிர வேறு வேலை இருந்திருக்காது.