பாய்மரம் நட்ட வீடு

நான் ஒரு பயந்தாங்கொள்ளி. இதை நானே முதலில் சொல்லிவிடுவது நல்லது. இல்லாவிட்டால் என் மனைவி ஹமீதா கையைக் காலை ஆட்டி நடித்தே காட்டிவிடுவாள். ஆனாலும் ஐம்பதுகளின் நடுவில், பழவேற்காட்டில், ஒரு ஐப்பசி மாதத்துப் பிற்பகலில் எனக்கு வந்த பயத்தை யாரும் குறை சொல்ல முடியாது. சொந்த வீடே பிள்ளையோடு கிளம்பிப் போகப் பார்த்தால் எவனுக்குத்தான் ஈரக்குலை நடுங்காது?

எங்களுடையது ஓட்டு வீடு. ஓட்டுக்கும் கூடத்துக்கும் நடுவே பலகை அடித்த ஒரு மச்சு. குனிந்துதான் உள்ளே போக முடியும். வெங்காயமும் பழைய டிரங்குப் பெட்டிகளும் அங்கே சௌகரியமாகக் குடியிருந்தன. கீழே வாப்பா, உம்மா, நான், போதாததற்கு வாப்பாவின் ஜவுளிக்கடை மூட்டைகள். பிரசவத்துக்குப் போன ஹமீதா கைக்குழந்தையோடு திரும்பி வந்தபோது மூட்டைகளுக்கு நடுவில்தான் எங்களுக்குப் படுக்கை. (மூட்டைகளுக்கு இடம் போக மீதிதான் எங்களுக்கு.) மச்சின் சுவரை உயர்த்திக் கூரையை மேலே ஏற்றிவிட்டால் அருமையான அறை கிடைக்குமே என்று எனக்குத் தோன்றியது.

"மழ போவட்டும்டா, அப்பறம் பாக்கலாம்" என்றார் வாப்பா.

நான் கேட்டால்தானே! பொன்னேரியிலிருந்து கொத்தனாரை அழைத்து வந்தேன். அவர் ஓடுகளையெல்லாம் இறக்கி முற்றத்தில் அடுக்கினார். கூடத்தின் மேலே ஓடும் பெரிய உத்தரத்தைத் தூக்கி வைக்க வேண்டும் என்று இரண்டு முனையிலும் சுவரைக் கொத்தித் தளர்த்தினார். அதற்குள் தீபாவளி வந்துவிட்டது. "பண்டிக முடிஞ்சதும் ஓடியாந்துடறேன் தம்பி" என்று போனவர் போனவர்தான். வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

ஊரில் மற்றவர்கள் என்றால் நாலு கட்டு கீற்று வாங்கி மூடியிருப்பார்கள். எனக்கு அது கௌரவக் குறைச்சலாகப் பட்டது. என் மாமனார் படகுக்காரர். கால்வாய் வழியாக மெட்ராசுக்கு விறகு ஏற்றிப் போகிறவர். படகைப் பழுது பார்க்கக் கரையில் ஏற்றியிருந்ததால் அதன் பாய் அவர் வீட்டில் சுருண்டு கிடந்தது. ஒரே துணி, நல்ல கனம், சொட்டுத் தண்ணீர் இறங்காது. கேட்டதும், "தாராளமா எடுத்துகினு போங்க மாப்ளே" என்று கொடுத்துவிட்டார்.

நானே கட்டினேன். மூலைக் கயிறுகளை உத்தரத்தில் இரண்டு முடிச்சாகச் சேர்த்து இறுக்கினேன். நடுவில் தண்ணீர் தேங்கக் கூடாதே என்று மச்சில் ஒரு மூங்கிலை நட்டுப் பாயைத் தூக்கி நிறுத்தினேன். (இந்த யோசனைக்காக என்னை நானே மெச்சிக்கொண்டேன்.) தெருவில் போன ஒருவர் அண்ணாந்து பார்த்து, "இன்னாப்பா, எப்ப கெளம்பறீங்க?" என்றார். பொறாமை என்று நினைத்தேன்.

மறுநாள் பிற்பகல் கடல் பக்கமிருந்து மழையோடு காற்று வந்தது. முதலில் பாய் படபடத்தது. பிறகு படபடப்பு நின்று, உப்பிக்கொண்டது. ஆகா, தண்ணீர் எப்படி வழிந்தோடுகிறது என்று கூடத்தில் நின்று பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். அப்போதுதான் ஹமீதா கேட்டாள்.

"இன்னாங்க, தூளிய யாரு ஆட்றது?"

குழந்தையின் தூளி உத்தரத்தில்தான் தொங்கியது. பக்கத்தில் யாருமில்லை. தூளி பக்கவாட்டில் ஆடவும் இல்லை. காற்று வரும்போதெல்லாம் மேலே ஏறி, மெல்லக் கீழே இறங்கியது. உள்ளே பிள்ளை சுகமாகத் தூங்கிக்கொண்டிருந்தாள். சுவரிலிருந்து மண் உதிர்ந்தது.

படகுக்காரர் மகளுக்கு உடனே புரிந்துவிட்டது.

"பாய எறக்குங்க! ஊடு கெளம்பிகினுகீது!"

ஏணியில் எப்படி ஏறினேன் என்று தெரியாது. மேலே மழை முகத்தில் அறைந்தது. நனைந்த முடிச்சுகள் கல்லாக இறுகியிருந்தன. பல்லால் கடித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வீச்சுக்கும் காலடியில் பலகை எழும்பியது. இந்த உத்தரம் பிடுங்கிக்கொண்டு விழுந்தால் நேரே தூளிமேல்தான் விழும் என்ற ஒரே நினைப்பு.

"புள்ளய எடுத்தாச்சா?" என்று கத்தினேன். காற்று அதை வாயிலேயே திருப்பி அடைத்தது. பதில் இல்லை. மறுபடியும் கத்தினேன். என் வாழ்நாளில் அவ்வளவு பயந்ததில்லை. உத்தரத்தைக் கட்டிப்பிடித்து அதன்மேல் படுத்துக்கொண்டேன், என் ஒல்லி உடம்பின் கனத்தில் வீடு நின்றுவிடும் என்பதுபோல. அழுதேன். மழையில் அது தெரியவில்லை என்று இன்றுவரை சாதித்து வருகிறேன்.

ஏணியின் நுனியில் ஹமீதாவின் தலை தெரிந்தது. கையில் மீன் வெட்டும் கத்தி.

"புள்ள உம்மாகிட்ட, பக்கத்து ஊட்ல கீது. நவுருங்க!"

"வேணாம்! உங்க வாப்பாவோட பாயி!"

"வாப்பா வேற பாய் தெச்சுக்குவாரு. வேற ஊடு நமக்கு யாரு தெச்சுத் தருவா?"

இரண்டே வெட்டு. பாய் ஒரு உதறு உதறி, பக்கத்து வீட்டுத் தென்னை மரங்களைத் தாண்டி ஏரிப் பக்கம் பறந்தது. உத்தரம் தடாலென்று தன் இடத்தில் உட்கார்ந்தது, என்னையும் சேர்த்து. அதன் பிறகு மழை முழுவதும் வீட்டுக்குள்தான் பெய்தது. துணி மூட்டைகளைப் பற்றி வாப்பா சொன்னதை இங்கே எழுத முடியாது.

மழை விட்டதும் மாமனார் வந்தார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். அவர் பேரப்பிள்ளையை வாங்கி முத்தமிட்டார். ஒற்றையாக நின்ற மூங்கிலை அண்ணாந்து பார்த்தார்.

"பாய் கட்னீங்க, சரி மாப்ளே. நங்கூரம் போட வேணாமா?"

அந்த வார்த்தை எங்கள் குடும்பத்தில் தங்கிவிட்டது. வீட்டைப் பூட்டிக்கொண்டு எங்கே கிளம்பினாலும், "நங்கூரம் போட்டாச்சா?" என்று யாராவது கேட்பார்கள். சம்பந்தி வீட்டார்கூடக் கேட்கப் பழகிவிட்டார்கள்.

பிறகு காங்கிரீட் தளம் போட்டுவிட்டோம். அன்று தூளியில் தூங்கிய மகள் தன் பிரசவத்துக்கு அந்த வீட்டுக்குத்தான் வந்தாள். இரும்புக் கொக்கியில் தூளி கட்டினோம். ஒரு நாள் மழையோடு பலத்த காற்று அடித்தது. நான் எழுந்து போய்த் தூளிக் கயிற்றை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"வாப்பா, ஊடு எங்கயும் போவாது, உடுங்க" என்று மகள் சிரித்தாள்.

ஹமீதா சிரிக்கவில்லை. அவளும் வந்து மறுபக்கக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள்.