ஒரே ஒரு வேணாம்

ராஜபாளையத்தில் ‘வேணாம்’ என்ற சொல்லைச் சொன்னபடியே புரிந்துகொண்ட ஒரே ஆள் எங்கள் வேணாம் அக்காதான். மற்ற எல்லோருக்கும் முதல் வேணாம் மரியாதை, இரண்டாவது வெட்கம், மூன்றாவது சம்மதம். காபியிலிருந்து கல்யாணம் வரை எங்கள் ஊரில் இந்த வரிசைதான்.

அக்காவுக்கு ஜாக்கெட் தைப்பது தொழில். சனிக்கிழமை சாயங்காலம் தெருச் சாவடியில் வயசுப் பிள்ளைகளுக்கு வகுப்பு எடுப்பது தொண்டு. நட்போ காதலோ கல்யாணமோ, ஒருவரை ஒருவர் எப்படி மதிப்பது என்பதுதான் பாடம். கல்யாணமாகி வந்த புதிதில், பி.எட். படித்த குற்றத்துக்காக நானும் உதவிக்குச் சேர்ந்தேன். வருகைப் பதிவு என் பொறுப்பு.

பாடப்புத்தகம், ஒரு டப்பா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா. ஒருவர் நீட்ட வேண்டும். எதிரே இருப்பவர் சிரிக்காமல், காரணம் சொல்லாமல், ஒரே தடவை வேணாம் என்று சொல்ல வேண்டும். நீட்டியவர் உடனே மூடிவிட வேண்டும்.

“பல்லு வலிக்கு, அதான் வேணாம்க்கா,” என்பாள் ஒருத்தி.

“ஏட்டி, பல்லு வலிக்குன்னா அவன் மருந்தோட வருவான். வேணாம்னு மட்டும் சொல்லு.”

“ஏன் வேணாங்கான்னு நான் கேக்கக் கூடாதாக்கா?” என்பான் நீட்டியவன்.

“ஏலே, கேட்டு என்ன செய்யப் போற? டப்பாவ மூடு.”

முதல் மூன்று வாரம் ஒரு டப்பாவும் மூடப்படவில்லை, எல்லாம் காலி. நான்காவது வாரம் முத்துமாரி என்ற கல்லூரிப் பெண் வேணாம் என்றாள். நீட்டியவன் மூடினான். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டு மீதியைத் தானே தின்றார்.

ஊருக்குச் சொன்னதை அவரும் கடைப்பிடித்தார் என்பதுதான் சங்கடம். ஒரு கல்யாணப் பந்தியில் “ரசம் வேணாம்” என்றார். பரிமாறியவர் வழக்கப்படி “செத்தோலம், கொஞ்சூண்டுதான்” என்று ஊற்றினார். அக்கா ரசத்தோடு சேர்த்து இலையை மடித்துவிட்டு எழுந்தார். பக்கத்து இலைக்காரரின் வேட்டி அன்றோடு வெள்ளை என்ற பெயரை இழந்தது.

சாவடித் தலைவர் ஒருநாள் நாலு பேரோடு வகுப்பைப் பார்க்க வந்தார். பிள்ளைகளுக்கு வியர்ப்பதைப் பார்த்து, மின்விசிறி மாட்டித் தரலாம் என்றுகூடச் சொன்னார். அக்கா டீத் தட்டை நீட்டினார்.

“எதுக்கும்மா, வேணாம்,” என்றபடியே தலைவர் கையை நீட்டினார்.

“சரிங்க,” என்று அக்கா தட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தலைவரின் கை அந்தரத்தில் நின்றது. மற்ற நாலு பேரும் டீயைக் கண்ணாலேயே வழியனுப்பினார்கள்.

மின்விசிறி வரவில்லை. அடுத்த சனிக்கிழமை சாவடிக்குப் பூட்டு வந்தது. டீ தரவில்லை என்று எழுத முடியாதே. வயசுப் பிள்ளைகளுக்கு வேண்டாததைச் சொல்லித் தருகிறார் என்று ஒரு தாளில் எழுதி, வீடு வீடாகக் கையெழுத்துக்கு வந்தார்கள்.

“நீ படிச்ச பிள்ள. மொதக் கையெழுத்து நீ போடுத்தா,” என்றார் தலைவர்.

“வேணாங்க,” என்றேன். சிரித்துக்கொண்டே பேனாவை நீட்டினார். “வேணாங்க, வீட்டுக்குப் பெரியவங்க அத்தை இருக்காங்களே,” என்றேன். “அட, போடு தாயி,” என்றார். போட்டேன். இனிஷியலோடு, தெளிவாக.

வருகைப் பதிவு நோட்டை வாங்க அக்கா வந்தபோது என்னால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

“நான் வேணாம்னுதான் சொன்னேன்க்கா.”

“எத்தன தடவ?”

“ரெண்டு.”

“அப்ப மூணாவது சம்மதம். ஊர் வழக்கந்தான,” என்று நோட்டை வாங்கிக்கொண்டார். அந்த மாதமே தையல் மிஷினோடு ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் குடிபோனார்.

முத்துமாரிக்கு ஆவணியில் கல்யாணம் நடந்தது. பெண் பார்க்க வந்த அன்று அவள் ஒரே தடவை, சிரிக்காமல், காரணம் சொல்லாமல் வேணாம் என்றாளாம். பிள்ளை வெட்கப்படுகிறாள் என்று எல்லோரும் சிரித்தார்களாம். டப்பாவை மூட அங்கே ஒருவரும் பழகியிருக்கவில்லை. என் கையெழுத்து இல்லாவிட்டாலும் இது நடந்திருக்குமா என்று இன்னும் யோசிக்கிறேன். யோசிப்பதைத்தான் நான் ஒழுங்காகச் செய்கிறேன்.

போன மாதம் என் நான்கு வயது மகளோடு ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அக்காவைப் பார்த்தேன். குனிந்து மகளிடம் கையை விரித்தார். “அத்தைக்கு ஒரு முத்தம் தாரியா?”

“வேணாம்,” என்றாள் மகள்.

“ஏட்டி, குடு,” என்று என் வாய் தானாகத் திறந்தது. அதற்குள் அக்கா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார். முத்தம் கிடைத்திருந்தால்கூட அந்த முகம் அவ்வளவு மலர்ந்திருக்காது.

“மன்னிச்சிருங்கக்கா,” என்றேன், அத்தனை வருஷத்துக்கும் சேர்த்து.

“வேணாம்,” என்றார்.

மன்னிப்புக் கேட்க வேணாம் என்றாரா, மன்னிக்க முடியாது என்றாரா, தெரியவில்லை. வேறு யாராவது என்றால் இன்னும் இரண்டு தடவை கேட்டிருப்பேன். அக்கா என்பதால் நிறுத்திக்கொண்டேன். 

அவர் போக வேண்டிய பஸ் வந்தது, போனது. எங்கள் பஸ் வரும்வரை கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டியபடி அவர் எங்களோடுதான் நின்றார்.