அண்டாவில் ஏழு மீன்

"படிச்சவங்க தண்ணிய சுத்தம் பண்ணுவாங்களா, இல்ல எப்படி பண்றதுன்னு எழுதுவாங்களா?"

முதலாளியம்மா இதைக் கேட்டபோது, அவர் வீட்டுத் தோட்டக் குளத்தின் ஓரத்தில் நின்றிருந்தேன். சின்னக் குளம்தான். உள்ளே ஏழு சிவப்பு மீன்கள் இருப்பதாகச் சொன்னார்கள். தண்ணீர் இருந்த பச்சையில் அதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. எட்டாம் நாள் அந்தத் தோட்டத்தில் அவர் மகளுக்கு நிச்சயதார்த்தம்.

அவர் கேட்டதில் தப்பில்லை. எங்கள் வீட்டில் பள்ளிக்கூடப் படி ஏறிய முதல் ஆள் நான். வேதியியலில் பட்டம் வாங்கிய நாளிலிருந்து குக்கர் விசிலுக்குக்கூட விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தேன் (வீட்டில் எல்லாருக்கும் பேஜார்). அப்பா முதலாளியின் பட்டறையில் பட்டு நூலை வெளுத்துச் சாயம் போடுகிறவர். முப்பது வருஷத்தில் அங்கே குரலை உயர்த்தியதில்லை. அன்றைக்கு மட்டும் குறுக்கே வந்தார்.

"எம் பொண்ணு செய்வாம்மா. நான் சொல்றேன்."

மாட்டிக்கொண்டேன். குளம் தெளியாவிட்டால் பொய்யாகப் போவது அப்பாவின் வார்த்தை.

ஒரு நீல டிரம் வாங்கினேன். அடியில் ஜல்லி, அதன்மேல் கரி, அதன்மேல் மணல். மோட்டார் தண்ணீரை டிரம்மில் ஏற்றும். அது வடிந்து, குழாய் வழியாகக் குளத்திலேயே விழும். அழுக்கைத் தின்னும் நுண்ணுயிர்கள் மணலில் குடியேறச் சில வாரங்கள் ஆகும் என்று படித்திருந்தேன். என்னிடம் இருந்ததோ எட்டு நாள். ஏழாம் நாளும் குளம் பச்சையாகவே இருந்தது. (கொஞ்சம் வெளிர்ப்பச்சை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.)

அப்போதுதான் என் மூளை வேலை செய்தது. பட்டு நூலை விட மெல்லிய வடிகட்டி உலகத்தில் உண்டா? பட்டறைக்கு ஓடினேன். அப்பா சாப்பிடப் போயிருந்தார். கூடையில் சிக்கு நூல் குவிந்து கிடந்தது. சாயம் ஏறாத வெள்ளை நூலாகப் பார்த்து இரண்டு கை அள்ளினேன். (சாயம் இறங்கும் என்று தெரியாத ஆளா நான்?) அந்த நூல் எப்படி வெள்ளையானது என்று மட்டும் யோசிக்கவில்லை. சோப்பும் சோடாவும் போட்டு வேகவைத்து, அலசாமலே காய்ந்துபோன நூல் அது. சோப்பு எப்படி நுரைக்கிறது என்று பரீட்சையில் இரண்டு பக்கம் எழுதியவள் நான்.

மறுநாள் காலை நூலை டிரம்மில் திணித்து, மோட்டாரைப் போட்டுவிட்டுப் புடவை மாற்றப் போனேன். சந்தவாசலிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வேனில் வந்து இறங்கியபோது குளம் பொங்கிக்கொண்டிருந்தது. வெள்ளை நுரை கரையைத் தாண்டி, ரோஜாச் செடிவரை வந்துவிட்டது.

மாப்பிள்ளையின் அத்தை கன்னத்தில் கை வைத்தார். "இன்னாம்மா இது, பனி மிஷினா? எவ்ளோ அழகா கீது!"

போட்டோக்காரர் ஜோடியை நுரைப் பக்கம் நகர்த்தினார். முதலாளியம்மா என்னைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தார். வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்று ஒரு நிமிஷம், சத்தியமாக ஒரே ஒரு நிமிஷம், நினைத்தேன்.

அப்பா குளத்தருகே குந்தினார். நுரையைத் தொட்டு, இரண்டு விரலுக்கு நடுவில் தேய்த்தார். நூலில் சோப்பு போய்விட்டதா என்று அவர் தினமும் பார்ப்பது அப்படித்தான்.

"அலசாத நூலு," என்றார், எனக்கு மட்டும் கேட்கும்படி.

அதே நேரம் நுரையைக் கிழித்துக்கொண்டு ஒரு சிவப்பு வாய் மேலே வந்து, காற்றை விழுங்கியது.

"அது சோப்பு! மீனெல்லாம் செத்துடும்!" என்று கத்தினேன். அப்பா ஓடிப்போய் மோட்டாரை நிறுத்த, நான் புதுப்புடவையோடு குளத்தில் குதித்தேன். மீனைப் போட நல்ல தண்ணீர் வேண்டுமே? சமையல் பந்தலில் ஒரு அண்டா நிறைய இருந்தது.

"ஐயோ, அது ரசத்துக்கு வச்ச தண்ணிம்மா!" என்று சமையல்காரர் அலறினார்.

"ரசம் கெடக்குது, ஜல்தி தூக்குய்யா!" என்றது முதலாளியம்மா. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, அண்டாவின் ஒரு காதை அவரே பிடித்தார்.

நான் பிடிக்கப் பிடிக்க, அத்தை சத்தமாக எண்ணினார். "அஞ்சு... ஆறு..." ஏழாவதைக் காணோம். கல்யாணப் பெண் அழ ஆரம்பித்துவிட்டாள். கடைசியில் என் கொசுவத்துக்குள் ஏதோ துள்ளியது.

ஏழும் பிழைத்தன. பந்தியில் ரசம் மட்டும் இல்லை.

சொட்டச் சொட்ட நின்ற என்னை முதலாளியம்மா மேலும் கீழும் பார்த்தார். "நீ எழுதுறவ இல்லடி, குதிக்கிறவ. சரி, தண்ணி எப்பதான் தெளியும்?"

"ரெண்டு மாசம் ஆகும்மா," என்றேன். முதல் நாளே சொல்லியிருக்க வேண்டிய பதில்.

சோப்பு போகும்வரை தண்ணீரைப் பாதி பாதியாக மாற்றினேன். பிறகு டிரம்மில் ஜல்லி, கரி, மணல். அதற்குமேல் என் புத்திசாலித்தனம் எதையும் போடவில்லை. மெல்ல மெல்லத் தெளிந்தது. அடித்தரையில் முதலில் தெரிந்தது, அன்று குதித்தபோது தொலைந்த என் கொலுசு.

இன்றைக்கும் நான் சாம்பார் ஊற்றினால், அப்பா ஒரு சொட்டைத் தொட்டு விரலில் தேய்த்துப் பார்க்கிறார். "அலசிட்டா, சாப்பிடுங்க," என்கிறாள் அம்மா.

போன வாரம் அந்த அத்தை போன் செய்தார். அவர் வீட்டுத் தாமரைத் தொட்டியும் பச்சையாகிவிட்டதாம். "நுரை வேணாம் கண்ணு, தண்ணி தெளிஞ்சா போதும்."

இதைச் சந்தவாசல் பஸ்ஸில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலடியில் புது நீல டிரம், பக்கத்தில் மணல் மூட்டை. ஏற்றிவிட வந்த அப்பா மூட்டையைப் பிரித்து, ஒரு சிட்டிகை எடுத்துத் தேய்த்தார். திருப்தி.

"இன்னா பெரியவரே, டிரம் எதுக்கு?" என்றார் கண்டக்டர்.

"எம் பொண்ணு தொட்டித் தண்ணிய தெளிய வைக்கப் போறா," என்றார் அப்பா, பஸ் முழுக்கக் கேட்கும்படி. "நான் சொல்றேன்."