பதினெட்டாம் பக்கத்து எண்

ரயில்வே சிக்னல்காரர் வேலையை வாங்கியே தீருவது என்று காய்கறிக் கடைக்காரர் சபதம் போட்டார். அந்த வேலைக்குச் சம்பளத்தோடு வீடும் உண்டு. வீட்டுச் சொந்தக்காரர் இருமினால்கூடப் பயந்து வாழ்ந்தது போதும்! விண்ணப்பப் படிவம் விற்கிற இடத்திலேயே மல்லுக்கட்டி, ஒன்றின் விலைக்கு இரண்டாக வாங்கி வந்தார்.

ஒரே ஒரு முட்டுக்கட்டை. சிவப்பும் பச்சையும் அவர் கண்ணுக்கு ஒன்றுதான். தக்காளியில் காய் எது, பழம் எது என்று பத்து வருஷமாகப் பிரித்துப் போடுவது அவர் மனைவி. காரணம் அவளுக்குத் தெரியாது என்று அவர் நினைப்பு.

கண் பரிசோதனையில் புள்ளிப் புத்தகம் காட்டுவார்களாம். பக்கம் பூராவும் வண்ணப் புள்ளிகள். நடுவில் புள்ளியாலேயே ஓர் எண். பழைய புத்தகக் கடையில் கூச்சல் போட்டு, பாதி விலைக்கு ஒன்றைத் தட்டிக்கொண்டு வந்தார்.

“கண்ணாடியை எங்கயோ வெச்சுட்டேன். நீயே படி” என்றார் மனைவியிடம். அவள் படித்தாள். அவர் உருப்போட்டார்.

“பதினேழாம் பக்கம்?”

“எழுபத்து நாலு!”

“பதினெட்டு?”

எட்டிப் பார்த்தவர் துள்ளினார். “அடியே, இது எனக்கே தெரியுதுடி! நாப்பத்தஞ்சு!”

அவள் புத்தகத்தைக் கிட்டத்தில் பிடித்தாள். தள்ளிப் பிடித்தாள். அவரை ஒரு பார்வை பார்த்தாள்.

“ஆமாங்க. நாப்பத்தஞ்சேதான்.”

பரிசோதனை நாளில் அவளும் துணைக்கு வந்து வெளியே பெஞ்சில் உட்கார்ந்தாள். உள்ளே எண்கள் பறந்தன.

“கொஞ்சம் பொறுங்க. நான் பக்கத்தைத் திருப்பிக்கிறேன்” என்றார் டாக்டர்.

பதினெட்டு வந்தது. இது மனப்பாடம் இல்லை, சொந்தக் கண்! “நாப்பத்தஞ்சு!” மேசையே அதிர்ந்தது.

டாக்டர் புத்தகத்தை மூடினார். “நல்ல கண்ணுக்கு இந்தப் பக்கத்துல எண்ணே தெரியாது. சிவப்பு, பச்சை பிரியாதவங்களுக்கு மட்டும்தான் தெரியும்.”

“என் பொண்டாட்டிக்கும் தெரிஞ்சுதே!”

“அப்போ அவங்களுக்கும் வேலை கிடையாது. அடுத்து!”

கொதித்துக்கொண்டு வெளியே வந்தார். மனைவி எழுந்து நின்றாள். கையில் அந்த இரண்டாவது படிவம், அவள் பேரில் முத்து முத்தாக நிரப்பியிருந்தது.

“உனக்கும் தெரியுதுன்னு சொன்னியேடி!”

“ரயில் நிறைய ஜனங்க சிக்னலை நம்பி வராங்க. வேற என்னத்தைச் சொல்லச் சொல்றீங்க?”

“அப்போ வீடு?”

“வீடு எங்க போயிடும்? இந்தப் பையைப் பிடிங்க.”

கதவு சாத்திக்கொண்டது. அவர் காதை ஒட்டிவைத்தார். பதினேழு பக்கமும் மளமளவென்று போயிற்று.

“பதினெட்டு?”

கணீரென்று வந்தது பதில்: “ஒண்ணுமே இல்லீங்க டாக்டர்.”